பிக்கப் வாகனத்தின் முன்னச்சு டிபரன்சலிற் பழுதடைந்த பெயாரிங்கைத் திருத்துதல்

இன்று கமக்காரரின் முதலீட்டில் நிலத்துக்கும் கிணற்றுக்கும் அடுத்தபடியாகப் பெரும்பங்கு கொள்வது வாகனமாகும். விதைநெல்லும் பசளையும் வயலுக்குச் செல்வதும், கத்தரி, மிளகாய், போஞ்சி முதலிய மரக்கறிகள் விடியுமுன் சந்தைக்குச் சேர்வதும் பெரும்பாலும் பிக்கப் வாகனத்தினாலேயே நடைபெறுகின்றன. மழைக்காலத்தில் வயற்பாதை சேறாகும்போது சாதாரண வாகனம் புதையுமாதலின், நான்கு சில்லுகளும் இழுக்கவல்ல பிக்கப்பைப் பலர் விரும்பி வைத்திருக்கின்றனர்.

இவ்வாகனங்களுட் பல நெடுங்காலம் உழைத்தவை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயாகும். ஆகவே கையிலுள்ள வாகனத்தைப் பேணித் திருத்திப் பயன்படுத்துதலே பலருக்கு உற்ற வழியாயிற்று. அவ்வாறு திருத்த வேண்டிய பழுதுகளுள், கவனியாது விடின் பெருநட்டத்தில் முடியும் ஒன்று முன்னச்சு டிபரன்சலிலுள்ள பெயாரிங் பழுதாதலாகும். இப்பழுதின் காரணம், அறிகுறி, திருத்தும் முறை, வராமற் காக்கும் வழி ஆகியன இப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

டிபரன்சல் செய்யும் வேலை

வாகனம் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சில்லு கூடிய தூரமும் உட்பக்கச் சில்லு குறைந்த தூரமும் ஓட வேண்டும். இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைந்திருப்பின் ஏதாவதொன்று நிலத்தில் உரசி இழுபடும். இவ்விடரைத் தீர்க்கும் பற்சில்லு அமைப்பே டிபரன்சல் ஆகும். பிரான்சு தேசத்தைச் சேர்ந்த ஒனேசிபோர் பெக்கேர் என்பார் 1827ஆம் ஆண்டளவில் இதனை நீராவி வண்டிக்கென அமைத்தார். இன்றும் அதன் அடிப்படை மாறவில்லை.

நாற்சில் இயக்கமுள்ள பிக்கப்பில் என்ஜினின் வலு கியர்ப்பெட்டியினூடாகத் துணைக் கியர்ப்பெட்டிக்கு வந்து, அங்கிருந்து முன்புறத் தண்டின் வழியே முன்னச்சுக்குச் செல்கின்றது. அத்தண்டின் முனையிலுள்ள சிறிய பற்சில்லு பினியன் எனப்படும். அது கிரவுன் எனப்படும் பெரிய வட்டப் பற்சில்லைச் சுழற்றும். கிரவுன் பூட்டப்பட்டுள்ள கூட்டினுள் இருக்கும் சிறு பற்சில்லுகள் இடம், வலம் ஆகிய இரு அரைத்தண்டுகளுக்கும் வலுவைப் பகிர்ந்தளிக்கும்.

இவற்றைத் தாங்குவன பெயாரிங்குகள், அஃதாவது போதிகைகள். பினியனுக்கு முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டும், கிரவுன் கூட்டின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக இரண்டும் உள்ளன. இவை பெரும்பாலும் கூம்புருளைப் பெயாரிங்குகளாகும். உருளைகள் ஒருபுறம் பருத்தும் மறுபுறம் சிறுத்தும் சரிவாக அமைந்திருத்தலின், மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் அவை ஒருங்கே தாங்கும். அமெரிக்காவில் ஹென்றி டிம்கன் என்பவர் 1898ஆம் ஆண்டில் இவ்வகைக்கு உரிமைப்பத்திரம் பெற்றார்.

பெயாரிங் தாங்கும் வேலையின் அளவை ஒரு கணக்கால் அறியலாம். பினியனில் 10 பற்களும் கிரவுனில் 41 பற்களும் உள்ளனவெனக் கொள்வோம். கிரவுன் ஒருமுறை சுழல்வதற்குப் பினியன் 4.1 முறை சுழல வேண்டும். சில்லின் சுற்றளவு 2.2 மீற்றர் ஆயின், மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் சில்லு நிமிடத்துக்கு ஏறக்குறைய 455 முறையும் பினியன் ஏறக்குறைய 1,860 முறையும் சுழலும். இவ்வளவு விரைவாகச் சுழலும் உருளைகளுக்கும் வளையங்களுக்கும் இடையில் உள்ளது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றேயாம். அது கெடின் இரும்பும் இரும்பும் உரசும்.

பெயாரிங் ஏன் பழுதடைகின்றது?

முதற் காரணம் நீர். நெடுந்தூரம் ஓடிய வாகனத்தின் டிபரன்சல் சூடாயிருக்கும். அதனுள்ளிருக்கும் காற்றும் சூடேறி விரிந்திருக்கும். அந்நிலையில் வாய்க்காலையோ வெள்ளம் பாயும் பாதையையோ கடப்பின், குளிர்ந்த நீர் பட்டவுடன் உட்காற்றுச் சுருங்கும். சுருங்கிய காற்றை ஈடுசெய்ய வெளியிலிருந்து ஏதேனும் உள்ளே வர வேண்டும். இதற்கென டிபரன்சலின் மேற்புறத்தில் ஒரு மூச்சுக்குழாய் வைக்கப்பட்டுள்ளது. அது சேற்றால் அடைபட்டிருப்பின், ஒயில் சீல்களின் விளிம்பு வழியே நீர் உறிஞ்சப்படும். மூச்சுக்குழாயின் வாய் நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பின் அதன் வழியாகவே நீர் புகும். நீருடன் கலந்த எண்ணெய் பால்போல வெண்மையாகி, படலமாக நிற்கும் தன்மையை இழக்கின்றது.

இரண்டாவது காரணம், நீர் புகுந்த வாகனம் ஓடாது நிற்றல். இருசில் இயக்கத்தில் ஹப் லொக்குகளைத் திறந்து ஓடும்போது முன்னச்சின் பற்சில்லுகள் சுழலா. உருளைகள் ஓரிடத்தில் அசையாது கிடக்க, அவை தொடுமிடங்களில் நீர் தங்கித் துருப்பிடிக்கும். இவ்வாறு பழுதான பெயாரிங்கைக் கழற்றிப் பார்ப்பின், வெளிவளையத்தில் உருளைகளின் இடைவெளிக்குச் சமமான தூரங்களில் கறுத்த கோடுகளைக் காணலாம். “முன்னச்சை நான் பாவிப்பதே இல்லை; அது எவ்வாறு பழுதாகும்?” என்று வினவுவோர்க்கு இக்கோடுகளே விடையாகும்.

மூன்றாவது காரணம் எண்ணெய்க் குறைவு. பினியன் சீலில் கசிவு ஏற்பட்டுப் பல மாதங்கள் கவனிக்கப்படாதிருப்பின் மட்டம் தாழும். பினியனின் முன்பெயாரிங் உயரத்தில் இருத்தலின் அதற்கே முதலில் எண்ணெய் எட்டாது போகும்.

நான்காவது காரணம் தார்வீதியில் நாற்சில் இயக்கத்தை இட்டு ஓட்டுதல். வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளிலும் கூடிய தூரம் செல்லும். முன்னச்சையும் பின்னச்சையும் நேரே பிணைக்கும் பிக்கப்புகளில் இவ்வேறுபாட்டை விட்டுக்கொடுக்க வழியில்லை. சேற்றிற் சில்லு வழுக்கித் தப்பும். காய்ந்த தாரில் வழுக்க இயலாமையால் முறுக்கம் முழுவதும் பற்களிலும் பெயாரிங்குகளிலும் ஏறும்.

ஐந்தாவது, முன்னர் திருத்தியவர் இறுக்கத்தைச் சரிவர அளவாமற் பூட்டியமை. இது பற்றிப் பின்னர் விரிவாகக் கூறப்படும்.

பழுதை அறியும் வழி

பெயாரிங் ஒரே நாளிற் கெடுவதில்லை. அது முன்னரே குரல் கொடுக்கின்றது. அக்குரலை அறிந்துகொள்ளுதல் கமக்காரரின் பணத்தைக் காக்கும்.

1. ஒலி வாகனத்தின் வேகத்தோடு ஏறி இறங்குகின்றதா என நோக்குக. கியரை மாற்றினாலும், வேகம் மாறாதிருக்கையில் ஒலி மாறாதாயின், அது என்ஜினைச் சார்ந்ததன்று.

2. ஹப் லொக் உள்ள வாகனமாயின் அவற்றைத் திறந்து இருசில் இயக்கத்தில் ஓட்டுக. ஒலி நின்றுவிடின் முன்னச்சுப் பகுதியிலே பழுது உண்டு. ஹப் லொக் இல்லாத வாகனங்களில் முன்னரைத்தண்டுகள் எப்பொழுதும் சுழலுமாதலின் இச்சோதனை பயன்படாது.

3. அக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒருவிதமாகவும் விடும்போது வேறுவிதமாகவும் ஊளையிடுமாயின் பினியன் பெயாரிங்கை ஐயுறுக. எந்நிலையிலும் ஒரே சீராக உறுமுமாயின் கிரவுன் கூட்டின் பக்கப் பெயாரிங்கை ஐயுறுக. இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பும்போது மட்டும் ஒலி கூடிக் குறையின் பழுது டிபரன்சலில் அன்று, சில்லின் பெயாரிங்கில் இருத்தல் கூடும். இதனை முதலிற் சோதித்தல் நன்று. ஏனெனின் அதைத் திருத்துதல் எளிது.

4. வாகனத்தை நிறுத்தி, அடியிற் புகுந்து, பினியன் தட்டைக் கையாற் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க. சற்றுச் சுழலும் தளர்வு இயல்பானது. மேலும் கீழுமாக, அல்லது முன்னும் பின்னுமாக அசைவு தென்படின் பெயாரிங் தேய்ந்துவிட்டது.

5. வடிகால் அடைப்பானைக் கழற்றி எண்ணெயைச் சுத்தமான தட்டத்தில் எடுத்து வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்க்க. அடைப்பானின் காந்தத்தில் சாம்பல் நிறமான மென்தூள் ஒட்டியிருத்தல் வழமையான தேய்வாகும். மீன்செதில் போன்ற துண்டுகளோ ஊசி போன்ற சிராய்களோ காணப்படின் பெயாரிங்கோ பல்லோ உடைந்து வருகின்றதென்பது உறுதி. எண்ணெய் பால்நிறமாயிருப்பின் நீர் புகுந்துள்ளது.

இவ்வறிகுறிகளுள் 4ஆவதோ, செதில்களோ காணப்படின் வாகனத்தைத் தொடர்ந்து ஓட்டுதல் தகாது. பினியன் பெயாரிங் நொறுங்கினால் பினியன் தன் இடத்தை விட்டு விலகும். கிரவுனின் பற்கள் உடையும். உடைந்த துண்டு பற்களிடையே சிக்கின் முன்சில்லுகள் ஓடும்போதே இறுகி வாகனம் நிலைதவறவுங் கூடும். ஹப் லொக் உள்ள வாகனமாயின் அவற்றைத் திறந்துவைத்து இருசில் இயக்கத்தில் மெதுவாக வேலைத்தலத்துக்குக் கொண்டு செல்லலாம். மற்றையவற்றை ஏற்றிச் செல்லுதலே நன்று. அரைத்தண்டைக் கழற்றிவிட்டு ஓட்டலாமென எண்ணுதல் ஆபத்தானது. பல வாகனங்களில் அத்தண்டின் வெளிமுனையே சில்லின் பெயாரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கின்றது.

ஓர் அனுபவம்

நான் கடமையாற்றிய பிரிவொன்றில் அயலவரான இரு கமக்காரர் ஒரே வகையான பிக்கப் வைத்திருந்தனர். கார்த்திகை மாத வெள்ளத்தில் இருவரும் ஒரே வாய்க்காலைக் கடந்து வந்தனர். ஒருவர் மறுவாரமே முன், பின் டிபரன்சல் இரண்டினதும் எண்ணெயை இறக்கிப் பார்த்தார். முன்னச்சு எண்ணெய் பால்போலிருந்தது. புதிய எண்ணெய் இட்டுச் சில கிலோமீற்றர் ஓடி, அதனையும் இறக்கி மறுபடி மாற்றினார். அவருடைய செலவு எண்ணெயோடு முடிந்தது.

மற்றவர் வெள்ளாமை வேலை முடியட்டும் எனவிருந்தார். தை மாதத்தில் ஊளை கேட்கத் தொடங்கியது. அறுவடையின் அவசரத்தில் அதனையும் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் அதிகாலை, கத்தரிக்காய் மூடைகளோடு சந்தைக்குச் செல்கையில் முன்னச்சு இறுகி வாகனம் வீதியோரத்தில் நின்றுவிட்டது. வேறு வாகனம் வருவதற்குள் சந்தை கலைந்தது, காய் வாடியது. கழற்றிப் பார்த்தபோது பெயாரிங் மட்டுமன்றிக் கிரவுனும் பினியனும் உடைந்திருந்தன. அவ்வாண்டு அவர் நெல்லிற் பெற்ற இலாபத்தின் பெரும்பகுதி அவ்வொரு பழுதுக்கே சென்றது. அவர் எம்மிடம் கூறியது ஒன்றே: “சத்தம் கேட்ட அன்றைக்கு நிறுத்தியிருந்தால் பெயாரிங்கோடு போயிருக்கும்.”

கழற்றுமுன் செய்ய வேண்டியவை

இவ்வேலையில் ஒரு பகுதியை இயந்திர வேலையிற் பழகிய கமக்காரர் தாமே செய்யலாம். சீர்செய்து அளக்கும் பகுதிக்கு டயல் கேஜ், முறுக்கமானிச் சாவி, அழுத்தி ஆகிய கருவிகள் அவசியம். அவை இல்லாதார் டிபரன்சலைக் கழற்றித் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுத்துப் பூட்டுவித்துக்கொள்ளுதல் சிக்கனமாகும். தாமே செய்யாவிடினும் முறையை அறிந்திருத்தல் நன்று. வேலை ஒழுங்காக நடைபெறுகின்றதா என்பதை அப்பொழுதே அறியலாம்.

வாகனத்தைச் சமமான கடினத் தரையில் நிறுத்திப் பின்சில்லுகளுக்கு அடைகல் இடுக. ஜக்கினால் உயர்த்தியபின் இரும்புத் தாங்கிகளின்மேல் இருத்துக. ஜக்கை மட்டும் நம்பி அடியிற் புகுதல் கூடாது. சீமெந்துக் கற்களை அடுக்கி நிறுத்துவோரும் உளர். அக்கல் முன்னறிவிப்பின்றி வெடித்து நொறுங்கும். உயிர் போனால் எப்பெயாரிங்கும் அதனை மீட்காது.

எண்ணெய் இறக்குமுன் நிரப்பும் அடைப்பானை முதலிற் கழற்றுக. அது துருவேறி இறுகியிருந்து கழலாவிடின், எண்ணெயை இறக்கிவிட்ட வாகனம் நகர இயலாது நிற்க நேரிடும்.

கழற்றும் முறை

1. முன்புறத் தண்டின் தட்டுக்கும் பினியன் தட்டுக்கும் குறுக்கே உளியால் ஒரு குறி இடுக. மீளப் பூட்டும்போது குறியோடு குறி சேர்தல் வேண்டும். மாறின் அதிர்வு உண்டாகும்.

2. அரைத்தண்டுகளை வெளியே எடுத்து, டிபரன்சலைக் கழற்றி இறக்குக. இது பாரமானதாகையால் இருவர் வேண்டும்.

3. பகுதிகளைப் பிரிக்குமுன் பல்லிடைத் தளர்வை டயல் கேஜினால் அளந்து எழுதிவைக்க. கிரவுனின் சில பற்களில் வர்ணச் சாந்து பூசிச் சுழற்றி, பற்கள் தொடுமிடத்தையும் பார்த்து வரைந்துகொள்க. முன்னிருந்த நிலை தெரிந்தாலன்றிப் பின்வரும் நிலையை ஒப்பிட இயலாது.

4. பக்கப் பெயாரிங்குகளை மூடியுள்ள மூடிகளில் இடத்துக்கு ஒரு புள்ளியும் வலத்துக்கு இரு புள்ளியுமாகக் குறி இடுக. மூடிகள் கூட்டோடு சேர்த்தே கடையப்பட்டவை. இடம்மாறின் வட்டம் ஒவ்வாது. இருபக்கத்து வளையங்களையும் இடைத்தகடுகளையும் கலவாது வெவ்வேறு பேணிகளில் வைக்க.

5. கிரவுன் கூட்டை எடுத்தபின் பினியன் நட்டைத் தளர்த்தித் தட்டை இழுத்தெடுக்க. நட்டைச் சில புரிகள் மீண்டும் ஏற்றி, மரச்சுத்தியலாலோ பித்தளைத் துண்டை இடையில் வைத்தோ தட்டிப் பினியனை வெளியேற்றுக. நட்டு இன்றி அடிப்பின் புரி நசுங்கும்.

கழற்றியவற்றை ஆராய்தல்

எல்லாப் பகுதிகளையும் கழுவித் துடைத்து வெயிலிற் பார்க்க. வளையத்தில் குழிகளும் உரிவும் காணப்படின் அது உழைத்துக் களைத்த பெயாரிங். சம இடைவெளியிற் கறுத்த கோடுகள் காணப்படின் நீரால் வந்த பழுது. நீல அல்லது மண்ணிறச் சாயல் இருப்பின் எண்ணெயின்றிச் சூடேறியது. அல்லது மிகையாக இறுக்கப்பட்டது. காரணத்தை அறியாது புதிய பெயாரிங்கைப் பூட்டின் அதுவும் அவ்வழியே செல்லும்.

கிரவுன், பினியன் பற்களையும் ஒவ்வொன்றாக நோக்குக. ஒரு பல் உடைந்திருப்பினும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவை தொழிற்சாலையில் ஒன்றோடொன்று தேய்த்து இணையாக்கப்பட்டவை. இரண்டிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருத்தல் வழக்கம்; பழைய பொருட்கடையில் வாங்குவோர் அவ்வெண்கள் ஒத்திருக்கின்றனவா எனப் பார்த்தே வாங்குக.

பெயாரிங்கின் எண் அதன் வளையத்திற் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெண்ணைக் கொண்டு வாங்குக. உள்வளையமும் வெளிவளையமும் ஒருங்கே புதியனவாயிருத்தல் வேண்டும். பழைய வெளிவளையத்திற் புதிய உருளைகளை ஓடவிடுதல் காசை நீரில் எறிவதற்கு ஒப்பாகும். ஒயில் சீல், பினியன் நட்டு, நசியும் குழல் ஆகியனவும் புதியனவாதல் வேண்டும்.

புதிய பெயாரிங்கை ஏற்றுதல்

பினியனின் தலைப்பக்கப் பெயாரிங்கை இழுப்பானால் அல்லது அழுத்தியால் எடுக்க. பெரும்பாலான வாகனங்களில் அதன் அடியில் ஓர் இடைத்தகடு இருக்கும். பினியன் கிரவுனை நோக்கி எவ்வளவு உள்ளே நிற்கின்றது என்பதைத் தீர்மானிப்பது அத்தகட்டின் தடிப்பேயாகும். அதன் தடிப்பை மைக்கிரோமீற்றரால் அளந்து குறித்துக்கொண்டு, நல்ல நிலையில் இருப்பின் அதையே முதலில் இடுக.

புதிய உள்வளையத்தை அழுத்தியில் ஏற்றும்போது விசை உள்வளையத்தில் மட்டுமே பட வேண்டும். உருளைகளின் கூட்டிலோ உருளைகளிலோ அழுத்துதல் கூடாது. அழுத்தி இல்லாவிடின் பெயாரிங்கை எண்ணெயில் இட்டு ஏறக்குறைய 100 பாகை செல்சியசு வரை சூடாக்கின் வளையம் விரிந்து எளிதில் இறங்கும். 120 பாகைக்கு மேற் செல்லவிடற்க. சூட்டு விளக்கின் சுவாலையை நேரே பிடிப்பின் உருக்கின் வன்மை கெடும். வெளிவளையங்களைப் பழைய வளையத்தை மேல்வைத்துச் சமனாகத் தட்டி, அடியிற் படியும்வரை இறக்குக. படிந்தவுடன் தட்டும் ஓசை மாறும்.

முன்னிறுக்கம்: இவ்வேலையின் உயிர்நிலை

கூம்புருளைப் பெயாரிங் தளர்வாகவும் இருத்தலாகாது. மிக இறுகியும் இருத்தலாகாது. பினியன் அசையாதபடி இரு பெயாரிங்குகளையும் ஒன்றையொன்று நோக்கிச் சற்றே இறுக்கிவைத்தல் முன்னிறுக்கம் எனப்படும். பினியன் நட்டை முறுக்க, இரு உள்வளையங்களுக்கும் இடையிலுள்ள குழல் நசிந்து இவ்விறுக்கம் உண்டாகின்றது.

இறுக்கத்தை அளப்பதற்கு விற்றராசு போதும். முதலில் பினியனை மட்டும், சீல் இன்றி, எண்ணெய் தடவிப் பூட்டுக. தட்டின் விளிம்பில் நூலைச் சுற்றி விற்றராசில் இணைத்துச் சீராக இழுக்க. சுழலத் தொடங்கும் நேரத்தில் அன்று, சுழன்றுகொண்டிருக்கும்போது காட்டும் அளவைப் பார்க்க. அவ்வளவைத் தட்டின் ஆரையாற் பெருக்கின் இறுக்கம் கிடைக்கும். உதாரணமாக, வாகனத்தின் கைந்நூலிற் புதிய பெயாரிங்குக்கு 15 கிலோகிராம்-சென்ரிமீற்றர் எனக் குறித்திருக்க, நூல் சுற்றிய இடத்தின் ஆரை 5 சென்ரிமீற்றர் ஆயின், விற்றராசு 3 கிலோகிராம் காட்ட வேண்டும். இது கணக்கு முறைக்கான உதாரணமே. சரியான எண்ணை அவ்வவ் வாகனத்தின் கைந்நூலிற் காண்க. ஓடிப் பழகிய பெயாரிங்கை மீளப் பூட்டும்போது புதியதற்குரியதில் ஏறத்தாழ அரைப்பங்கு இறுக்கமே வேண்டப்படும்.

நட்டைச் சிறிது சிறிதாக முறுக்கி, ஒவ்வொரு முறையும் பினியனைப் பலமுறை சுழற்றி அளந்து பார்க்க. முதலில் அளவு ஏறாது. குழல் நசியத் தொடங்கியபின் சில பாகை முறுக்கிலேயே விரைவாக ஏறிவிடும். குறித்த அளவைத் தாண்டிவிடின் நட்டைப் பின்னோக்கித் தளர்த்திச் சமாளிக்கலாகாது. ஒருமுறை நசிந்த குழல் மீள நிமிராது; தளர்த்திய நட்டு நாளடைவிற் கழன்று பினியன் ஆடும். குழலை மாற்றி மீண்டும் தொடங்குவதே முறை. முன்னர்த் திருத்திய டிபரன்சல்கள் சில மாதங்களிற் பழுதாகி வருவதற்கு இவ்விடத்திற் செய்த குறுக்குவழியே பெரும்பாலும் காரணமாயிருக்கும்.

பல்லிடைத் தளர்வும் பல் தொடும் இடமும்

பினியன் அமைந்தபின் கிரவுன் கூட்டை வைத்து மூடிகளைக் குறிப்படி பூட்டுக. பினியனை அசையாது பிடித்துக் கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டும்போது உண்டாகும் அசைவே பல்லிடைத் தளர்வு. சிறிய யப்பானியப் பிக்கப்புகள் பலவற்றில் இது 0.13 முதல் 0.18 மில்லிமீற்றர் வரை இருத்தல் வழக்கம். கைந்நூலின் அளவே முடிவானது. ஒரே இடத்தில் அன்றிக் கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில் அளக்க. தளர்வு கூடுதலாயின் கிரவுனைப் பினியனை நோக்கியும், குறைவாயின் அப்பாலும் நகர்த்த வேண்டும். ஒருபக்கம் எவ்வளவு உள்ளே திருகப்படுகின்றதோ அவ்வளவு மறுபக்கம் வெளியே திருகப்படுதல் வேண்டும். அன்றேற் பக்கப் பெயாரிங்குகளின் இறுக்கம் மாறிவிடும்.

பின்னர்ச் சில பற்களில் வர்ணச் சாந்து பூசி, கிரவுனைக் கையாற் சற்றுத் தடுத்துக்கொண்டே பினியனைச் சுழற்றுக. சாந்து அழிந்த அடையாளம் பல்லின் நடுவில், இரு ஓரத்தையும் தொடாது முட்டை வடிவமாகத் தோன்றின் நன்று. அடையாளம் பல்லின் நுனியை நோக்கி உயர்ந்திருப்பின் பினியன் கிரவுனுக்கு எட்ட நிற்கின்றது. தலைப்பக்கத் தகட்டிற் சற்றுத் தடித்ததை இடுக. பல்லின் அடியை நோக்கித் தாழ்ந்திருப்பின் பினியன் மிக உள்ளே உள்ளது. மெல்லிய தகட்டை இடுக. உள்முனைப்பக்கம் ஒதுங்கியிருப்பின் கிரவுனை அப்பாலும், வெளிமுனைப்பக்கம் ஒதுங்கியிருப்பின் அண்மையிலும் நகர்த்துக. தகட்டை மாற்றினாற் பினியனை மீளக் கழற்ற நேரிடும். அவ்வுழைப்புக்கு அஞ்சி விட்டுவிடின் ஊளை ஓயாது.

பூட்டி ஓட்டுதல்

சீலின் விளிம்பில் எண்ணெய் தடவி இடுக. மூச்சுக்குழாயைக் கழற்றி ஊதிச் சுத்தஞ்செய்க. டிபரன்சலைப் பூட்டி, கைந்நூல் கூறும் கியர் எண்ணெயை நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு மட்டும் ஊற்றுக. இவ்வகைப் பற்சில்லுகளுக்குப் பொதுவாக ஜீ.எல். 5 தரமுள்ள எண்ணெயே உரியது. என்ஜின் எண்ணெய் உதவாது.

முதல் 15 அல்லது 20 கிலோமீற்றர் பாரமின்றி மிதமான வேகத்தில் ஓட்டி நிறுத்திப் பினியன் பக்கத்தைக் கையால் மெல்லத் தொட்டுப் பார்க்க. இளஞ்சூடு இயல்பு. கை வைத்திருக்க முடியாத சூடாயின் இறுக்கம் கூடிவிட்டது. மேலும் ஓட்டாது மீள அளக்க. 500 கிலோமீற்றர் ஓடியபின் எண்ணெயை ஒருமுறை மாற்றுதல் நன்று. புதிய பகுதிகளின் தேய்தூள் அத்தோடு வெளியேறும்.

வராமற் காத்தல்

சூடான வாகனத்தை உடனே நீரில் இறக்காது சிறிது ஆறவிட்டுக் கடக்க. சில்லின் குடம் மூழ்குமளவு நீரைக் கடந்திருப்பின் அவ்வாரத்துக்குள்ளேயே இரு டிபரன்சல்களின் எண்ணெயையும் பார்க்க. காலபோகத்துக்கு முன்னும் மாரி முடிந்தபின்னும் மூச்சுக்குழாயையும் எண்ணெய் மட்டத்தையும் பரிசோதிப்பதை வழக்கமாக்கிக்கொள்க. நாற்சில் இயக்கத்தை நெடுங்காலம் பாவியாதவர், மாதம் ஒருமுறை மண்பாதையில் 15 கிலோமீற்றர் அளவு அதனை இட்டு ஓட்டின் உள்ளுறுப்புகள் எண்ணெயில் நனையும். தார்வீதி ஏறியவுடன் இருசில் இயக்கத்துக்கு மாற்றுக.

சேற்றுழவு செய்யும் நாற்சில் இயக்க உழவு இயந்திரங்களின் முன்னச்சுக்கும் இவ்விதிகள் பொருந்தும். அவை நாள்முழுதும் சேற்று நீரில் நிற்பனவாதலின் அவற்றின் சீல்களையும் எண்ணெயையும் இன்னும் அடிக்கடி பார்த்தல் வேண்டும்.

இறக்கிய பழைய எண்ணெயை வாய்க்காலிலோ தோட்டத்திலோ ஊற்றற்க. யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற சுண்ணாம்புக்கல் நிலங்களில் மேலே ஊற்றியது பாறை வெடிப்புகளின் வழியே கிணற்று நீரை அடையும். மூடியுள்ள கலனிற் சேர்த்துப் பழைய எண்ணெய் கொள்வனவு செய்வோரிடம் ஒப்படைக்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பால்நிற எண்ணெயைக் கண்டவுடன் மாற்றுக.
2. ஊளை கேட்ட நாளிலேயே சோதிக்க. அறுவடை முடியட்டும் எனக் காத்திராதேயுங்கள்.
3. பெயாரிங்கின் இரு வளையங்களையும் சேர்த்தே மாற்றுக.
4. நசியும் குழல் அளவு தாண்டின் தளர்த்தாது, புதியதை இடுக.
5. தாங்கியின்றி வாகனத்தின் அடியிற் புகாதேயுங்கள்.

பயிரின் நோயை முதல் இலையிற் காண்பவன் வயலைக் காப்பான். வாகனத்தின் நோயை முதல் ஒலியிற் கேட்பவன் தன் வருவாயைக் காப்பான்.